பிறரைக் காக்க ஓங்கும் கை

 

2012 ஆம் ஆண்டு மதுரையில், தன் மகளிடமே தகாத முறையில் நடக்க முற்பட்ட கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் மாண்டான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100 ஆம் பிரிவின்படி இது தற்காப்பே எனக் கருதி, காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் அவரை விடுவித்தார்.

தற்காப்பு என்பது பெயர்தான். அவ்வுரிமை பிறரைக் காக்கவும் உண்டு. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 35 ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. ஆயினும், காப்பதற்குத் தேவையான அளவை மீறலாகாது என்கிறது 37 ஆம் பிரிவு. காவல்துறையை நாட அவகாசம் இருப்பின் அவ்வுரிமையே இல்லை.

கோவில்பதாகை வாலிபர்களே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். சாலையில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுப்பவனைத் தள்ளிவிடலாம், மடக்கிப் பிடிக்கலாம். பிடிபட்டவனைக் கூடிநின்று அடித்தால், குற்றவாளிக் கூண்டில் நீங்களும் நிற்பீர்கள்.