மேடைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அப்பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் மேடையேறாத பிள்ளைகளைப் பற்றியே இன்று அதிகம் பேச விழைகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம் மூலத்தோப்பு. அங்கே தமிழ்நாடு அரசு கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் உள்ளது. அத்துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இசை, நடனம், ஓவியம் முதலியவற்றைக் கற்பிக்கிறது. 5 முதல் 8, 9 முதல் 12, 13 முதல் 16 என வயது பிரித்துப் போட்டிகளும் நடத்துகிறது. அரசுப் பள்ளிகளிலோ 2022-23ஆம் கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என வென்று மாநில அளவில் முதன்மை பெறுவோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்கள் வழங்கப்படுகின்றன.

இவ்வளவு வாய்ப்புகள் அருகிலிருந்தும் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் பாலம் தாண்டினார்கள்? "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்கிறார்கள் தாய்மார்கள். அக்கவலை நியாயமானதே. ஆட்டமும் பாட்டும் நமக்கு வேண்டாம் என்பாரும் உளர். அவ்விவாதத்தில் நான் இறங்கவில்லை. ஓவியம் இருக்கிறது, களிமண் வேலை இருக்கிறது, அழகிய கையெழுத்து இருக்கிறது. அனைத்திற்கும் மேலாகத் தொண்டு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் ஓவியப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். (வீட்டில் தந்தை வரைந்து கொடுத்ததை மனப்பாடம் செய்து வரும் பிள்ளையை நடுவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்!) வண்ணக்குச்சிப் பெட்டியைத் தொலைத்துவிட்டு ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரிசை எண் எழுதித் தரும் தொண்டன். அவன் ஒவ்வொரு பிள்ளையிடமும் சென்று, பாதியாக உடைந்து ஒதுக்கப்பட்ட குச்சிகளைக் கேட்டு வாங்கி, ஒரு தேநீர்க் குவளையில் போட்டு அவள் முன் வைத்தான். அவ்வாறு செய்யும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அன்று நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த கற்பனை அந்தக் குவளைதான். அதற்கு மதிப்பெண் இட என் தாளில் கட்டம் இல்லை.

கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலோற்சவம் நடைபெறுகிறது. ஒப்பனை, தப்புமுட்டு போன்ற மாப்பிள்ளைக் கலைகளும் அதில் போட்டிகளாக உள்ளன. பல்லாயிரம் மாணவர் கூடும் அவ்விழாவில் வழிகாட்டுதல் போன்ற பணிகளில் மாணவத் தொண்டர்களும் பங்கேற்கிறார்கள்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளைச் சிறுவர் மன்றத்திற்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வரப் பெற்றோர் இருவர் முறைவைத்து உடன் செல்லட்டும். பேருந்துக் கட்டணத்தை நிர்வாகம் ஏற்கட்டும். அடுத்த பரிசளிப்பு விழாவில் நாற்காலி போடுவது முதல் பெயர் அழைப்பது வரை பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். தவறுகள் நேரும். நேரட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம். முதற்பெயராக என் பேத்தியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.