இரும்புப் பெட்டியும் கணினிப் பெட்டியும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் கணினி வகுப்பைத் தொடக்கிவைத்துத் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நம் லயத்து வீடுகளில் கட்டிலுக்கடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம் யாவும் அதனுள் கிடக்கும். அவசரத்திற்கு ஒன்று தேவைப்பட்டால், அத்தனையும் தரையில் கொட்டப்படும்.

இன்று அப்பத்திரங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக் கணினியில் சேர்க்கிறோம். பெட்டி மாறிற்று, பழக்கம் மாறவில்லை. சென்ற வகுப்பிற்கு வந்த ஓர் அம்மையார், காலஞ்சென்ற கணவரின் சொக்சோ உதவித்தொகைக்கு வேண்டிய பத்திரங்கள் கணினியில் இருப்பதாகச் சொன்னார். வெறும் எண்களையே பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான படங்களை ஒரு மாலைப்பொழுது முழுதும் திறந்து பார்த்தோம். இளைய பிள்ளையின் பிறப்புப் பத்திரம் மட்டும் கிடைக்கவேயில்லை. அசலோ வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது. பதிவிலாகாவில் மறுபிரதிக்கு விண்ணப்பித்து அவர் காத்திருக்க நேர்ந்தது.

தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. ஆயினும் பிரட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்கு இருட்டிலும் தவறாமல் போய்ச் சேருகிறோம். தோட்டம் பிரிவுகளாகவும், பிரிவு நிரைகளாகவும் வகுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். கணினியும் அப்படியே. கோப்பு என்பது மரம்; கோப்புறை என்பது நிரை. ஒரு கோப்புறைக்குள் வேறு கோப்புறைகளையும் வைக்கலாம்.

முதலாவதாக, ‘குடும்பம்’ என்றொரு கோப்புறையை உண்டாக்குங்கள். திரையின் வெற்றிடத்தில் சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தினால் அதற்கான கட்டளை தோன்றும். அதனுள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை அமையட்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு படத்திற்கும் பொருள் விளங்கப் பெயரிடுங்கள். டாஸ் காலத்துக் கணினியில் கோப்பின் பெயருக்கு எட்டெழுத்துகளே இடமிருந்தன. 1995இல் வந்த விண்டோஸ் 95 அக்கட்டை நீக்கியது. இன்று தமிழிலேயே ‘பிறப்புப் பத்திரம்’ என எழுதலாம். சம்பளச் சீட்டாயின் ஆண்டை முதலிலும் மாதத்தை அடுத்தும் இடுங்கள்: 2024-03, 2024-04 என்றவாறு. அவை தாமே வரிசையாக நிற்கும். சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது, சிறுகோட்டையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவதாக, கோப்புறை முழுவதற்கும் ஒரு நகலைப் பென் டிரைவில் வையுங்கள். கோப்புறையை அழித்தால் உள்ளிருப்பவையும் சேர்ந்தே போகும் என்பதை மறவாதீர். கணினியில் அழித்தவற்றைக் குப்பைத்தொட்டியிலிருந்து பெரும்பாலும் மீட்கலாம். பென் டிரைவில் அழித்தவை வழக்கமாக அத்தொட்டிக்குச் செல்வதில்லை. பலரும் பயன்படுத்தும் மண்டபக் கணினியில் உங்கள் அடையாளக் கார்டின் படத்தை விட்டுச் செல்லவும் வேண்டாம்.

இறுதியாக ஒன்று. படம் அசலாகாது. அசல் பத்திரம் நனையாமல், கிழியாமல் அதே இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும். எது எங்கே உள்ளது என்பதை வீட்டில் ஒருவர் மட்டுமன்றி, இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டியவர் இல்லாத நாளில்தான் பத்திரம் தேவைப்படுகிறது.

இன்றைய வகுப்பில் ஆளுக்கொரு கோப்புறையை உண்டாக்கிய பின்னரே வீடு திரும்புவோம். வாருங்கள், தொடங்குவோம்.