நூறு பவுண்டு, ஒரு வாரம்: 1883 எஃப்.ஏ. கோப்பையும் 'தகுதி' என்ற சொல்லும்

(ஆய்வு மாணவர்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இடஒதுக்கீடு, உதவித்தொகை என்று நாம் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்துவிடும். "விளையாட்டைப் பாருங்கள், அங்கே யாராவது சலுகை கேட்கிறார்களா? திறமை இருப்பவன் ஜெயிக்கிறான்." சரி, விளையாட்டையே பார்ப்போம். உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. இதைவிட நேர்மையான ஏற்பாடு உண்டா என்று தோன்றும். அதில் 1882-83 பருவத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் போட்டி தொடங்கியது 1871-72இல். முதல் பதினொரு கோப்பைகளையும் வென்றவர்கள் யார்? ஈட்டன், சார்ட்டர்ஹவுஸ் போன்ற பணக்காரப் பள்ளிகளின் பழைய மாணவர்கள், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார், ராணுவப் பொறியாளர் படை அதிகாரிகள், லண்டன் பக்கத்துக் கனவான்களின் மன்றங்கள். பதினொரு ஆண்டுகளும் திறமை ஒரே வர்க்கத்தில்தான் பிறந்ததா?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'அமெச்சூர்' என்றொரு சொல் இருந்தது. காசுக்காக ஆடாதவர் என்று இன்று நாம் பொருள் கொள்கிறோம். 1866இல் லண்டன் அமெச்சூர் தடகளக் கழகம் அதற்குத் தந்த விளக்கத்தில் வேறொன்றும் இருந்தது: கைவினைஞரோ, பட்டறைத் தொழிலாளியோ, கூலியாளோ அமெச்சூர் ஆக முடியாது. அவர் ஓடிக் காசு வாங்கினாரா என்ற கேள்வியே இல்லை. கையால் உழைப்பவர் என்பதே போதும். தடகளத்தில் 1880இல் இந்த விதி போனது. ஹென்லி படகுப் போட்டியிலோ 1930களின் பிற்பகுதி வரை நீடித்தது. உழைப்பதாலேயே ஒருவர் தீட்டாகிவிடும் ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கால்பந்தில் இப்படி நேரடியான விதி எழுதப்படவில்லை. அங்கே சுவர் வேறு விதமாக எழுந்தது. 1882இல் கால்பந்துச் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: பயணச் செலவு, உண்மையாக இழந்த கூலி, இவற்றுக்கு மேல் ஆட்டக்காரர் எதையும் வாங்கினால் கோப்பையில் ஆட முடியாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமானத்துக்கு உழைக்கத் தேவையில்லாதவருக்கு வாரம் ஏழு நாளும் பயிற்சி நாள். ஆலைத் தொழிலாளிக்கு மிஞ்சியது சனிக்கிழமை பிற்பகல். அந்தப் பிற்பகலும் யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1850 தொழிற்சாலைச் சட்டத்தில் சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆலையை மூட வைத்து வாங்கியது.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் செலவு ஒருவர் தலையில் மட்டும் எப்படி விழும் என்பதற்கு 1879ஆம் ஆண்டே சாட்சி. லங்காஷயரின் டார்வென் என்ற பஞ்சாலை ஊரின் அணி காலிறுதியில் ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியை லண்டனில் சந்தித்தது. 5-1 என்று பின்தங்கியிருந்த டார்வென் கடைசிக் கால் மணி நேரத்தில் நான்கு கோல் போட்டு 5-5 ஆக்கியது. கூடுதல் நேரம் ஆட ஈட்டன் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆட்டமும் லண்டனில்தான், அது 2-2. மூன்றாவதும் லண்டனில்தான். ஒவ்வொரு முறையும் இருநூறு மைலுக்கு மேல் பயணம். ஊரில் வசூல் செய்து வந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் 6-2 என்று தோற்றார்கள். பதிவேட்டில் 6-2 மட்டும்தான் இருக்கும். ரயில் கட்டணம் இருக்காது, போன கூலி இருக்காது.

டார்வெனுக்குப் பக்கத்து ஊர் பிளாக்பர்ன். இந்தியச் சந்தைக்கு வேட்டி நெய்து அனுப்பிய ஊர். நம் கைத்தறிக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்த துணியில் அதன் பங்கும் உண்டு. அதனால் ஆலை முதலாளிகள் கொழுத்தார்கள். தறியில் நின்றவர்கள் கொழுக்கவில்லை. 1878இல் பத்து சதவீதக் கூலி வெட்டை எதிர்த்து அந்த வட்டாரத்து நெசவாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிளாக்பர்னில் முதலாளிகள் சங்கத் தலைவரின் வீடு எரிந்தது. பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி தொடங்கப்பட்டதும் அதே 1878இல்தான். அணியில் நெசவாளர்கள், ஒரு நூற்பாளர், ஒரு பிளம்பர், ஓர் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி, ஓர் எழுத்தர், பல் மருத்துவரின் உதவியாளர் ஒருவர்.

1882-83 பருவத்தில் இவர்கள் காலிறுதியில் வேல்ஸின் ட்ரூயிட்ஸ் அணியை 4-1 என்றும், அரையிறுதியில் முன்னாள் சாம்பியனான ஓல்டு கார்த்தூசியன்ஸ் அணியை 4-0 என்றும் வென்றார்கள். இறுதியில் எதிரே நின்றது ஓல்டு ஈட்டோனியன்ஸ், நடப்புச் சாம்பியன். முந்தின ஆண்டு இறுதியில் இதே பிளாக்பர்ன் ஊரின் ரோவர்ஸ் அணியை 1-0 என்று வீழ்த்தியவர்கள்.

இந்த முறை ஒன்று மாறியிருந்தது. உள்ளூர் இரும்பு வார்ப்பாலை உரிமையாளர் சிட்னி யேட்ஸ் நூறு பவுண்டு கொடுத்தார். அந்தப் பணத்தில் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் ஆலைக்குப் போகாமல் பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஜாக் ஹன்ட்டர், இங்கிலாந்துக்கு ஆடியவர். பந்தைக் காலிலேயே உருட்டிக்கொண்டு போவது கனவான்களின் பாணி. ஹன்ட்டரின் அணி மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமாகப் பந்தை மாற்றியது. எதிராளி ஓடி ஓடிக் களைப்பார்.

1883 மார்ச் 31, கென்னிங்டன் ஓவல். ஈட்டன் தரப்பில் குட்ஹார்ட் முதல் கோல். ஆல்ஃப் மாத்யூஸ் சமன் செய்தார். ஈட்டனின் ஆர்தர் டன் காயம்பட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் வழக்கம் அன்று இல்லை. கூடுதல் நேரத்தில் நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி அடித்த கோலில் 2-1. கோப்பை முதன்முறையாக உழைப்பாளிகளின் கைக்கு, வடக்கே போனது. அதன்பின் எந்தப் பள்ளியின் பழைய மாணவர் அணியும் இறுதிப் போட்டிக்கே வரவில்லை.

தோழர்களே, அந்த ஒரு வாரத்தைக் கவனியுங்கள். பதினொரு ஆண்டுகளாகத் 'திறமை' என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு பங்கு ஓய்வு நேரம் என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது. ஆனால் எதிர்த்தரப்பு என்ன முடிவுக்கு வந்தது? உழைப்பாளிக்கு ஒரு வாரம் விடுப்பு எப்படிக் கிடைத்தது என்றுதான் சந்தேகப்பட்டது. பரம்பரைச் சொத்தில் பயிற்சி செய்தால் அது பண்பாடு. நூறு பவுண்டில் பயிற்சி செய்தால் அது மோசடி! 1884இல் இறுதிப் போட்டிக்கு லண்டன் வந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் ரசிகர்களை ஒரு லண்டன் பத்திரிகை காட்டுமிராண்டிக் கூட்டமாக வர்ணித்து, ஆப்பிரிக்கர்களோடு ஒப்பிட்டது. ஒரே வரியில் இரண்டு இழிவு. அதே ஆண்டு, ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாக பிரெஸ்டன் அணியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். வடக்கு அணிகள் தனிச் சங்கம் காண்போம் என்று ஒன்றுசேர்ந்த பிறகே, 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் இறங்கிவந்து ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவதை அனுமதித்தது.

'தி இங்கிலிஷ் கேம்' தொடரை நம்மில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் ஈட்டன் அணியின் கினாயர்டு மனம் மாறி உழைப்பாளிகளுக்காக வாதாடுவார். கதைக்கு அழகு. நடந்ததில் விதியை மாற்றியது அமைப்பாகத் திரண்ட அணிகளின் மிரட்டல்.

சிட்னி யேட்ஸையும் நாம் வள்ளலாக்கிவிடக் கூடாது. ஒரு முதலாளியின் மனதை நம்பி ஓர் அணி எத்தனை நாள் வாழும்? ஒலிம்பிக் 1889இல் பணமில்லாமல் கலைந்தது. கோப்பை வென்று ஆறே ஆண்டுகள்.

இங்கே எனக்கு அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1913இல் அவர் கொலம்பியா போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு. அதன் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. 1920இல் தன் சேமிப்போடும் சாகு மகாராஜாவின் உதவியோடும்தான் மறுபடி போக முடிந்தது. அந்த அனுபவம் உள்ளவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில்தான், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை அரசுத் திட்டமாகத் தொடங்கியது. மன்னரின் கருணையாக இருந்தது மாணவரின் உரிமையானது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது பகலில் வேலைக்குப் போய் இரவில் ஆய்வேடு எழுதுகிறோமே, அப்போது நம்மிடமிருந்து பறிக்கப்படுவது பணம் மட்டுமா? பிளாக்பூலின் அந்த ஒரு வாரம்.

வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காஸ்ட்லியின் கோலுக்குப் பிறகு இரண்டே ஆண்டில் விதி மாறியது. நம் ஊரில் பல்வங்கர் பாலூ, தலித் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர், 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் அவர் கையால் வீசிய பந்து வேண்டும். தேநீர் மட்டும் அரங்குக்கு வெளியே, தனி மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவர் தலைவராக நியமிக்கப்படவே இல்லை. தம்பி விட்டலுக்கு 1923இல் அது கிடைத்தது. மைதானத்தில் வென்ற பிறகும் வெளியே நிறுத்தும் சுவர் சாதி. அதனால்தான் நேரமும் பணமும் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை.

அடுத்த முறை "விளையாட்டைப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், பார்த்துவிட்டோம் என்று சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் யாருக்கு எத்தனை நாள் பயிற்சி, யார் செலவில் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு தகுதியைப் பற்றிப் பேசலாம்.

ஜெய் பீம்.