சீர்மீன்: ஒரு பெயரின் கடல்வழி



சென்னையில் வஞ்சிரம், குமரிக் கரையில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் உறவான இந்த மீனை இந்திய ஆங்கிலத்தில் 'சீர்' என்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய பேச்சு.

'சீர்' என்று காதில் விழுந்ததும் தமிழ் படித்தவனுக்குக் கை பரபரக்கும். சீர்வரிசையோடு முடிச்சுப் போடலாம். 'சீலா' திரிந்து சீர் ஆனது என்று நிறுவலாம். சில கரைகளில் இந்த மீனுக்குச் சீலா என்ற பெயரும் உண்டு; வேறு கரைகளில் அதே பெயர் கூர்மூக்கும் கோரைப்பல்லும் கொண்ட இன்னொரு மீனுக்கு. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு கொண்டாடக் கூடாது. சொல் நடந்து வந்த தடம் வேண்டும்.

தடம் காட்டியவர்கள் யூலும் பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவர்களுடைய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. 'கருப்பு' எனப் பொருள்படும் 'சியா' என்ற பாரசீகச் சொல்லே மூலம் என்றொரு கருத்து அப்போது இருந்தது. பழைய பயணக் குறிப்புகளைக் கொண்டு அதைத் தள்ளி, போர்ச்சுகீசிய 'செர்ரா'தான் மூலம் என்று காட்டினார்கள். செர்ரா என்றால் ரம்பம்.

ரம்பம் போல் மூக்கு நீண்ட மீன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வஞ்சிரத்தை வாங்கும்போது வாலுக்குச் சற்று முன்னே பாருங்கள். முதுகிலும் அடியிலும் சின்னஞ்சிறு துடுப்புகள் பல் பல்லாக வரிசை கட்டி நிற்கும். முதுகுப் பக்கம் மட்டும் எட்டு முதல் பதினொன்று வரை. போர்ச்சுகீசியர் ரம்பத்தை அங்கேதான் கண்டிருப்பார்கள் என்பது என் கருத்து. வாய்க்குள் இருக்கும் முக்கோணப் பற்களைக் காரணம் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். பிரேசிலில் இதன் உறவு மீனுக்கு இன்றைக்கும் 'செர்ரா' என்றே பெயர். ஸ்பானியம் பேசும் அமெரிக்கக் கரைகளில் 'சியெர்ரா'.

போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். 1639இல் ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தபோது பக்கத்திலேயே சாந்தோமில் போர்ச்சுகீசியர் குடியிருந்தார்கள். கரையோர வணிகத்தின் பொதுமொழியே அப்போது போர்ச்சுகீசியம்தான். செர்ரா அந்த வழியாகவே ஆங்கில நாக்குக்குப் போய்ச் சீர் ஆகியிருக்க வேண்டும்.

தமிழ் அதை ஏன் வாங்கவில்லை? சாவியை வாங்கினோம், ஜன்னலை வாங்கினோம், அலமாரியையும் ஏலத்தையும் வாங்கினோம். அவை புதுப் பொருளோடும் புது வழக்கத்தோடும் வந்த சொற்கள். மீன் நம் கடலில் ஏற்கெனவே இருந்தது. கூப்பிடப் பெயரும் இருந்தது. ஆங்கிலேயருக்குத்தான் பெயர் தேவைப்பட்டது.

நம்முடைய அந்தப் பெயர்களை நாம் என்ன செய்தோம்? கடல்மீன் பெயர் பலவற்றுக்கு எதிரே நம் அகராதிகள் 'மீன்வகை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உடலில் குறுக்குக் கோடுகள் ஓடும் வஞ்சிரம் ஓர் இனம், புள்ளி வைத்தது வேறோர் இனம். எந்தக் கரையில் எதற்கு எந்தப் பெயர் என்று அகராதிகளில் தேடினால் விடை கிடைப்பது அரிது. கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஏலம் நடக்கும் நேரத்தில் கரைக்குப் போங்கள். மீனைப் படம் எடுத்து, ஊரையும் அளவையும் குறித்து, பிடித்தவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதி வாருங்கள்.