ராத்திரி கண் கூசுதா? விண்ட்ஷீல்டோட உள்பக்கத்தைப் பாருங்க

ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுல கார் ஓட்டுறவங்க அடிக்கடி சொல்ற புகார்: “எதிர்ல வர்றவன் எல்லாம் ஹை பீம்லயே வர்றான், ஒண்ணும் தெரியல.” உண்மைதான். ஆனா அந்தக் கூச்சத்துல ஒரு பங்கு நம்ம கண்ணாடியிலேயே இருக்கலாம். அதுவும் உள்பக்கத்துல.

கார் வெயில்ல நிக்கும்போது டேஷ்போர்டு கொதிக்குது. பிளாஸ்டிக்கை மெதுவா வச்சிருக்கிற எண்ணெய் மாதிரியான பொருள்கள் ஆவியாகி, விண்ட்ஷீல்டுல மெல்லிசா படியுது. அதனால புதுக் கார்லயும் இது வரும். கூடவே தூசி, சிகரெட் புகை.

பகல்ல இந்தப் படலம் பெருசா தெரியாது. ராத்திரி ஹெட்லைட் வெளிச்சம் அதுல பட்டதும் நாலாபக்கமும் சிதறும். சின்ன விளக்கு பெரிய வெள்ளை வட்டமா விரியும். டெயில் லைட் இல்லாத பைக்கும், ரோட்டைக் கடக்கிற ஆளும் அந்த வட்டத்துக்குள்ள காணாமப் போயிடுவாங்க. ஆபத்து அங்கதான்.

சோதிக்கிறது ஈஸி. உள்பக்கம் சுத்தமான விரலால ஒரு கோடு போட்டு, மொபைல் டார்ச்சை சாய்வா அடிங்க. கோடு தனியா தெரிஞ்சா, படலம் இருக்கு.

ரெண்டு மைக்ரோஃபைபர் துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதே அளவு தண்ணி போதும். காரை நிழல்ல நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைங்க. ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்துல சிகரெட் வேண்டாம். கலவையைத் துணியில தெளிங்க, கண்ணாடியில இல்ல. டேஷ்போர்டுல வழியக் கூடாது. ஈரத் துணியால துடைச்சு, காயுறதுக்குள்ள இன்னொரு துணியால ஒத்தி எடுங்க. துணியில அழுக்கு வராத வரைக்கும் ரெண்டு மூணு தடவை செய்யணும்.

ஒரு தந்திரம்: உள்பக்கம் இடவலமா, வெளிப்பக்கம் மேலிருந்து கீழா துடைங்க. கோடு மிஞ்சினா அது எந்தப் பக்கம்னு உடனே தெரிஞ்சிடும்.

வெளிப்பக்கத்துக்கு முதல்ல சோப்புத் தண்ணி. மண் போன பிறகுதான் துணி. இல்லன்னா கீறல் விழும். வைப்பர் ரப்பரையும் துடைங்க. அப்புறமும் கோடு போட்டா ரப்பரை மாத்திடுங்க.

செய்யக் கூடாதது ரெண்டு. பளபளப்பா ஆக்குற டேஷ்போர்டு பாலிஷ் வேண்டாம். அதுவும் கண்ணாடிக்கு ஏறும், பகல்ல பிரதிபலிச்சுக் கண்ணைக் குத்தும். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் சேர்க்காதீங்க. துணியே எண்ணெய் பூசும்.

இவ்வளவும் செஞ்சு இன்னும் மங்கலா இருந்தா, வைப்பர் போற வழியில கீறலோ, மணல் அடிச்ச நுண்ணிய குழியோ இருக்கலாம். அது துடைச்சா போகாது. ஓரத்துல பால் மாதிரி வெளுத்திருந்தா, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் அடுக்கு பிரியுதுன்னு அர்த்தம். ரெண்டுலயும் ஓட்டுறவர் பார்வை மறைஞ்சா, கண்ணாடியை மாத்துறதுதான் வழி.

எதிர்ல வர்றவரோட ஹை பீமை நம்மால அணைக்க முடியாது. இதை இந்த ஞாயித்துக்கிழமையே செஞ்சிடலாம்.