ஐந்து மழைக்காலம் சாட்சி சொல்லட்டும்



1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஈரான் நாட்டின் ராம்சார் என்ற ஊரில், சதுப்பு நிலங்களைக் காப்பதற்கென்று உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் பட்டியலில் 2022ஆம் ஆண்டு நம் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பும் இடம்பிடித்தது. 1,247.54 ஹெக்டேர். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைப் பேசிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

வீடு கட்டி விற்கும் நிறுவனம், “நீர்நிலையைச் சீரமைத்துத் தருகிறேன்” என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறது. சொன்னபடி சீரமைத்ததா இல்லையா என்று யார் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நானும் அடுக்ககத்தில் குடியிருப்பவன்தான். கடன் வாங்கி, சதுப்புக்கு அருகில் வீடு வாங்கியவன். எங்கள் மனைக்குள் ஒரு வரத்துக் கால்வாய் ஓடியது. மூலையில் கோரை மண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. கால்வாயை அடைக்கக் கூடாது, பள்ளத்தை நீர்நிலையாகப் பேண வேண்டும் என்பது கட்டுமான அனுமதியின் நிபந்தனை. நடந்தது என்ன? பள்ளத்தைச் சதுரமாக வெட்டினார்கள். அடியில் சிமெண்டு பூசினார்கள், சுற்றிலும் கருங்கல் பதித்தார்கள், நடுவில் நீரூற்று வைத்தார்கள். கால்வாய் ஒரு குழாய்க்குள் போனது. அதன்மேல் நடைபாதை வந்தது. மாலையில் குழந்தைகள் அங்கே விளையாடுவதைப் பார்த்து நாங்களும் மகிழ்ந்தோம்.

2015 டிசம்பர் வந்தது. நவம்பர் மழையிலேயே அந்தக் குளம் தளும்பி நின்றது. டிசம்பர் 1ஆம் தேதி இரவு வந்த வெள்ளத்தில் ஒரு குடம் தண்ணீரைக்கூட வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. குழாய் அடைத்துக்கொண்டது. தரைக்குக் கீழே இருந்த வண்டி நிறுத்துமிடம் நிரம்பியது, ஜெனரேட்டர் மூழ்கியது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவத் தம்பிகள் படகோடு வந்து எங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தூக்கிச் சென்றார்கள். அந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டுமானத்தின் நிபந்தனை அறிக்கையை ஒரு நண்பர் எடுத்துக் கொடுத்தார். நீர்நிலை பற்றிய நிபந்தனைக்கு நேராக ஒரே சொல் இருந்தது: “நிறைவேற்றப்பட்டது.” அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குளம் வெட்டியது உண்மை, அதனால் அந்தச் சொல்லைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. தண்ணீர் வழி தெரியாமல் எங்கள் வாசலுக்கு வந்ததும் உண்மை.

அன்பர்களே, நம் முன்னோர் பள்ளிக்கரணைச் சதுப்பைக் கழுவெளி என்றார்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து, கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஏரி ஏரியாகக் கலங்கல் வழிந்து வரும் நீரெல்லாம் இங்கேதான் சேரும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீருக்கு இதுவே தாய்மடி. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், அதன்பின் கடல். கடல் ஏற்றமாக இருக்கும் வேளையில் நீர் வடியாது. வடியும்வரை அது எங்காவது பரந்து நின்று காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த இடம்தான் கழுவெளி. கோடையில் வற்றி, ஐப்பசி மழைக்கு வயிற்றைக் காலியாக வைத்திருப்பதுதான் அதன் பலம். ஆண்டு முழுவதும் அழகுக்காக நிரப்பி வைத்த சிமெண்டுக் குளத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சதுப்பில் 1 ஏக்கரை 1 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நிற்க வேண்டிய சுமார் 40 லட்சம் லிட்டர் நீர் இடம் இழக்கிறது. கோடையில் நம் தெருவுக்கு வருகிறதே, 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதில் 330 லாரிக்கு மேல். ஓர் ஏக்கருக்கே இத்தனை. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு இது. இழந்தது எத்தனை லாரி என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 2023இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நாள்கணக்கில் தேங்கி நின்றது, இடம் இழந்த அந்த நீர்தான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், சதுப்பை வேறு பயனுக்கு மாற்றுவதையும் ஆக்கிரமிப்பதையும் தடை செய்கின்றன. வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும், ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தர வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் சொல்லியிருக்கிறது. ஆகவே முதல் விதி, சதுப்பைத் தொடாதே. “தொட்டுவிட்டுச் சீரமைத்துத் தருகிறேன்” என்பதை ஒருபோதும் நுழைவுச்சீட்டாக ஏற்கக் கூடாது.

ஏற்கெனவே தொட்ட இடங்களில்தான் சீரமைப்புக் கடமை பிறக்கிறது. பெங்களூரைப் பாருங்கள். அகரா ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் இடையில் எழுந்த பெரிய கட்டுமானங்கள் குறித்த வழக்கில், 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுவனங்கள்மீது அபராதம் விதித்தது. ஏரியிலிருந்து எடுத்துக்கொண்ட 3 ஏக்கர் 10 குண்டா நிலத்தை ஏரிக்கே திருப்பிச் சேர்க்கச் சொன்னது. அந்த நகரின் எல்லா ஏரிகளுக்கும் 75 மீட்டர் கட்டடமில்லா இடைவெளி என்று அதே தீர்ப்பு வகுத்ததை 2019இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. நகரின் பெருந்திட்டத்தில் உள்ள அளவை மீறித் தீர்ப்பாயம் விதி வகுக்க இயலாது என்பது காரணம். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வழக்கு வந்தபிறகு நீதிபதி காப்பாற்றுவார் என்று காத்திருக்கக் கூடாது. நம் ஊர்ப் பெருந்திட்டத்திலேயே, அனுமதிக் கடிதத்திலேயே, அளவும் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கட்டுநர்கள் சதுப்பைத் தொடுகிறார்கள். ஒன்றை அழித்தால் இன்னொன்றை ஈடுசெய் என்பது அங்கே விதி. ஈடுசெய்த சதுப்புகள் அழிந்தவற்றுக்கு நிகராகவில்லை என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001இல் வெளிப்படையாகவே எழுதியது. அதன்பின் 2008இல் அவர்கள் விதியை இறுக்கினார்கள். சீரமைத்த இடத்தைக் குறைந்தது 5 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். என்ன அடையாளம் தெரிந்தால் வெற்றி என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். வேலை கெட்டால் சரிசெய்யப் பணப் பொறுப்பும் காட்ட வேண்டும்.

ஐந்து ஆண்டு என்றதும் நம் ஊர்ச் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் சுவரில் விரிசல் கண்டால், கூரை ஒழுகினால், கட்டுநர்தான் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். சாவி கொடுத்தாயிற்று என்று கைகழுவ முடியாது. நான் கேட்கிறேன், கட்டிய சுவருக்கு 5 ஆண்டுப் பொறுப்பு உண்டென்றால், சீரமைத்துத் தந்ததாகச் சொல்லும் சதுப்புக்கு ஏன் இல்லை? சுவர் விரிந்தால் என் ஒரு வீட்டுக்குத் துன்பம். சதுப்புக் கெட்டால், எனக்குக் கீழே தாழ்வில் குடியிருக்கும் ஆயிரம் குடும்பத்துக்குத் துன்பம்.

ஆகவே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். சீரமைப்பு நிறைவேறியது என்ற சான்றை 5 வடகிழக்குப் பருவமழை கடந்தபிறகுதான் தர வேண்டும். அதுவரை கட்டுநரின் வங்கி உத்தரவாதம் அரசிடம் இருக்கட்டும். கட்டுநர் சான்று கேட்கும்போது அரசு மூன்றே கேள்வி கேட்கட்டும். மேலேயுள்ள ஏரியின் தண்ணீர் தடையில்லாமல் உள்ளே வருகிறதா? வந்த தண்ணீர் பரந்து நிற்க, மழைக்கு முன் இடம் காலியாக இருக்கிறதா? நின்ற தண்ணீர் வெளியேற வழி திறந்திருக்கிறதா? இம்மூன்றுக்கும் “ஆம்” என்ற விடை கிடைத்தால், சதுப்பின் பறவைகளான நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் தாமாகவே வந்து கையெழுத்துப் போடும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. வீட்டை வாங்கியவர்கள் நாம். நடைபாதையின் அடியில் ஒரு கால்வாய் மூச்சுத் திணறுவது தெரியாமல், அதன்மேல் நடை பழகியவர்கள் நாம். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு கட்டுமானமும், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய இரு நாட்களில், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்ற அறிக்கையைத் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை பொது ஆவணம். யாரும் கேட்கலாம், யாரும் படிக்கலாம். நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பராமரிப்புக் கட்டணம் 200 ரூபாய் கூடினால் நள்ளிரவுவரை சங்கக் கூட்டம் நடத்துகிறோம். உயிரைக் காக்கும் நிபந்தனைக்கு ஒரு மாலை ஒதுக்கக் கூடாதா?

நேர்மையாக வீடு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த 5 ஆண்டு விதி நன்மையே செய்யும். ஒழுங்காகச் செய்தவருக்கும் சிமெண்டு பூசி முடித்தவருக்கும் இன்று ஒரே சான்றுதான் கிடைக்கிறது. மழை வந்து பிரித்துக் காட்டட்டும்.

என் அன்புக்குரியவர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வருகிற ஜூன் 1ஆம் தேதி, உங்கள் குடியிருப்பின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். “நிறைவேற்றப்பட்டது” என்று எழுதியிருக்கும் வரியைக் கோடிட்டு வையுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும்போது, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடை பிடித்து அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.