வாத்து வேட்டைக்கு நாள் குறிக்கும் நாடு

(தோட்ட இளைஞர் மன்றக் கூட்டம் ஒன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற முறை இதே மண்டபத்தில் வனவிலங்குச் சட்டத்தைப் பற்றி நான் பேசி முடித்தபொழுது, பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். "அமெரிக்காவில் வாத்து சுடுவதற்கு அரசாங்கமே நாள் குறித்துக் கொடுக்கிறதாமே. சிறுவர்களுக்குத் தனி நாள், பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத் தனி நாள் என்றுகூட உண்டாம். கொல்வதற்கு நாள் குறித்துக் கொடுப்பது எப்படி ஐயா பாதுகாப்பு ஆகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று நேரம் போதவில்லை. அதற்கு மறுமொழி கூறுவதே இன்றைய என் உரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகின்றேன். வேட்டையை உங்களுக்குப் பரிந்துரைக்க நான் வரவில்லை. வேட்டைக்கு நாள் குறிப்பது என்றால், ஆண்டின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்துவிட்டு, சில நாள்களுக்கு மட்டும் அளவோடு திறந்து வைப்பது என்று பொருள். அந்தக் கதவை எப்பொழுது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்வதற்கு முன்னர் அவர்கள் எண்ணிப் பார்க்கின்றார்கள். இந்த எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எல்லையற்ற வேட்டையும் அதன் விளைவும்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துச் சந்தைகளுக்கு விற்பதற்காகவே பறவைகளைச் சுட்டு வந்தவர்கள் இருந்தார்கள். படகில் பொருத்திய பெருந்துப்பாக்கியால், தண்ணீரில் கூட்டமாக அமர்ந்திருக்கும் வாத்துகளை ஒரே வெடியில் பல பத்துகளாக வீழ்த்தினார்கள். வானத்தையே மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச் சாலையில் கூண்டுக்குள் இறந்தது. அதற்கு முன்னரே லாப்ரடார் வாத்து என்னும் இனம் மறைந்து போயிற்று. "இவ்வளவு இருக்கும்பொழுது எப்படித் தீரும்?" என்று மக்கள் எண்ணிக்கொண்டிருக்கும்பொழுதே அவை தீர்ந்து போயின.

அதன் பிறகுதான் விழிப்பு ஏற்பட்டது. வாத்துகள் கனடாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் பறந்து செல்கின்றன. அவற்றுக்கு எல்லைக் கோடு தெரியாது. ஆகவே 1916-இல் அமெரிக்கா, கனடாவின் சார்பில் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1918-இல் அது சட்டமாயிற்று. பறவைகள் எங்களுக்கே உரியவை என்று மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1920-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இன்று வந்து நாளை பறந்து போகும் பறவையைத் தனி ஒரு மாநிலம் சொந்தம் கொண்டாட முடியுமா?

அவ்வொப்பந்தத்தின்படி மார்ச் 10-ஆம் தேதிக்கும் செப்டம்பர் முதல் தேதிக்கும் இடையே வாத்து வேட்டைப் பருவம் கிடையாது. அது பறவைகள் இணை சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சுகளை வளர்க்கும் காலம். எஞ்சிய மாதங்களிலும் ஓரிடத்தில் வேட்டை நாள்கள் மொத்தம் 107-ஐத் தாண்டக் கூடாது. மர வாத்து என்னும் அழகிய இனம் மிகவும் குறைந்து போனதால், 1918 முதல் 1941 வரை அதற்குக் கதவு அறவே அடைக்கப்பட்டிருந்தது. இன்று அவ்வினம் மீண்டும் பெருகி வாழ்கின்றது.

முதலில் எண்ணிக்கை, பிறகே அனுமதி

நாள் குறிக்கும் முறையைச் சற்று விளக்கமாகக் கூறுகின்றேன்.

1955-ஆம் ஆண்டு முதல், மே மாதந்தோறும், விமானம் ஓட்டவும் பறவைகளை இனம் காணவும் பயின்ற அதிகாரிகள், அலாஸ்காவிலும் கனடாவிலும் அமெரிக்காவின் வட சமவெளிகளிலும் சிறு விமானங்களில் மிகத் தாழ்வாகப் பறக்கின்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே தடம், அதே முறை. கண்ணில் படும் வாத்துகளை இனம் பிரித்து எண்ணுகின்றார்கள். சமவெளிகளில் நீர் நிறைந்த குட்டைகளையும் எண்ணுகின்றார்கள். குட்டை வற்றினால் குஞ்சு குறையும் அல்லவா? வானிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்பதை அறிய, சில இடங்களில் தரையில் நடந்தும் எண்ணிச் சரிபார்க்கின்றார்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அப்பரப்பிலே ஏறத்தாழ 32 மில்லியன் வாத்துகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். நோய்த்தொற்று காரணமாக 2020-இல் இந்தக் கணக்கெடுப்பை நடத்த இயலாமற் போயிற்று.

பிறகு மாநிலங்களின் முறை. அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்தியம், பசிபிக் என்று பறவைகளின் வான்வழிகள் நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வழியிலும் உள்ள மாநிலங்கள் கூடி ஆலோசனை கூறுகின்றன. மத்திய வனவிலங்குச் சேவை மேல் எல்லையை வகுக்கின்றது. மாநிலங்கள் அந்த எல்லைக்குள் தங்கள் நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னும் கடுமையாக்கலாம்; தளர்த்த இயலாது.

1995 முதல் இம்முடிவுக்கு முன்கூட்டியே வகுத்த படிநிலைகள் உண்டு. மிசிசிப்பி வழியை எடுத்துக்கொள்வோம். பறவைகள் மிகுந்திருந்தால் 60 நாள். நடுத்தரமாக இருந்தால் 45 நாள். குறைந்திருந்தால் 30 நாள். மேலும் குறைந்தால் பருவமே கிடையாது. 2016-17 பருவம் முதல், முந்தைய ஆண்டின் கணக்கைக் கொண்டே இம்முடிவு செய்யப்படுகின்றது. யார் கூச்சலிட்டார்கள், யாருக்குச் செல்வாக்கு உண்டு என்பதைப் பாராமல், குட்டையும் பறவையும் என்ன சொல்கின்றன என்பதைப் பார்ப்பதே இதன் நோக்கம்.

நாளைக் குறித்த பின்னரும் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன. ஒருவர் ஒரு நாளில் இத்தனை வாத்துகளே சுடலாம். அதிலும் அருகிய இனமாயின் ஒன்றோ இரண்டோதான். சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, மறைவதற்குள் நிறுத்திவிட வேண்டும். தானியம் தூவிப் பறவையை வரவழைத்துச் சுடக் கூடாது. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஈயக் குண்டு கூடாது என்பது 1991 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம். குளத்தடியில் விழுந்த ஈயக் குண்டுகளை வாத்துகள் கல் என்று கருதி விழுங்கி, நஞ்சேறி இறந்தன. அவற்றைத் தின்ற கழுகுகளும் இறந்தன.

வேட்டைக்காரர் பணமும் கட்ட வேண்டும். 1934 முதல் வாத்து முத்திரை ஒன்று விற்கப்படுகின்றது. டார்லிங் என்னும் கேலிச்சித்திரக்காரர் வரைந்த முதல் முத்திரையின் விலை ஒரு டாலர்; 2015 முதல் 25 டாலர். பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள வேட்டைக்காரர் எவரும் அதனை வாங்கியே தீர வேண்டும். அப்பணத்தைக் கொண்டு இதுவரை 6 மில்லியன் ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்நிலங்களும் வாழிடங்களும் காக்கப்பட்டுள்ளன. மேலும், தெரிவு செய்யப்பட்ட வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட பறவையின் ஒரு சிறகை அஞ்சலில் அனுப்புகின்றார்கள். அதனைப் பார்த்தே அப்பறவையின் இனம், வயது, ஆணா பெண்ணா என்பதை அறிஞர்கள் கண்டறிகின்றார்கள். எடுத்தவன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை.

சிறுவர் நாளும் படைவீரர் நாளும்

இனி, அந்த இளைஞர் கேட்ட தனி நாள்களுக்கு வருகின்றேன்.

1996-இல் சிறுவர்களுக்கென ஒரு நாள் ஒதுக்கும் வழக்கம் தொடங்கி, 2000-இல் இரண்டு நாள்களாயிற்று. அந்நாள்கள் வழக்கமான பருவத்துக்கு வெளியே, பள்ளி விடுமுறை நாள்களாகவே இருத்தல் வேண்டும். குறைந்தது 18 வயது நிரம்பிய பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அந்தப் பெரியவர் அன்று வாத்தைச் சுடக் கூடாது! இதனை நான் மிகவும் சிந்தித்துப் பார்த்தேன். முன்னாள் ஆசிரியன் என்ற முறையில் இவ்விதி எனக்குப் பெரிதும் பிடித்திருக்கின்றது. பெரியவர் கையில் துப்பாக்கி இருந்தால் அவர் கவனம் பறவையின் மேல் இருக்கும். கை வெறுமையாக இருந்தால் அவர் கவனம் பிள்ளையின் மேல் இருக்கும். எது சுடத்தக்க இனம், எது தக்கதல்ல, எப்பொழுது கையை அடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதே அன்று அவர் வேலை.

படைவீரர்களுக்கான நாள் அண்மையில் வந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக, முன்னாள் படைவீரர்களுக்கும் பணியிலுள்ள வீரர்களுக்கும் இரண்டு நாள் வரை ஒதுக்க மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. நாட்டுக்காக உழைத்தவர்களுக்கு, மற்றவர் கூட்டம் இல்லாத அமைதியான ஒரு காலைப் பொழுதைக் கொடுப்பது அதன் கருத்து. ஆயினும் இந்தச் சிறப்பு நாள்களும் 107 நாள் என்ற மொத்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும். நன்றி செலுத்துவதற்காகவும் அவர்கள் எல்லையைத் தாண்டவில்லை.

இதில் குறை காண்பவர்களும் அந்நாட்டில் உண்டு. பொழுதுபோக்குக்காக உயிரைக் கொல்வதே தகாது என்போர் உள்ளனர். கூடுதல் நாள்கள் பறவைகளின் ஓய்வைக் குலைக்கும் என்போரும் உள்ளனர். மறுபுறம், 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு மில்லியனுக்கு மேல் விற்ற வாத்து முத்திரை, அண்மை ஆண்டுகளில் ஒன்றரை மில்லியன் அளவுக்குக் குறைந்துவிட்டது. வேட்டைக்காரர் குறைந்தால் குளங்களைக் காக்கும் பணமும் குறையும் என்ற கவலையும் சிறுவர் நாளுக்கு ஒரு காரணம். இரு பக்கத்தையும் அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

எண்ணாமல் இழந்தோம்

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். நான் பிறந்து வளர்ந்ததும் ஒரு தோட்டத்தில்தான். எங்கள் லயத்துக்குப் பின்னால் பழைய ஈய லம்பத்துக் குட்டை ஒன்று இருந்தது. மாலை வேளையில், மலாய் மொழியில் பெலிபிஸ் என்று நாம் அழைக்கும் சீழ்க்கை வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றின் சீழ்க்கை ஒலி கேட்டால், விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டது என்று என் தாயார் சொல்வார். நாங்கள் சிறுவர்கள் உண்டிவில்லோடு திரிந்தோம். கோரைப் புல்லுக்குள் முட்டை தேடினோம். பெரியவர்கள் கண்ணி வைத்தார்கள். எங்களைத் தடுத்தவர் எவரும் இல்லை.

ஓர் ஆண்டு அவை வரவில்லை. மறு ஆண்டும் வரவில்லை. குட்டையின் ஒரு பகுதியைத் தூர்த்தது காரணமா, எங்கள் கண்ணியும் உண்டிவில்லும் காரணமா? இன்றுவரை என்னால் சொல்ல இயலவில்லை. ஏனெனில், இருந்த காலத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணியவர் எவருமில்லை. எண்ணாதவனுக்கு இழந்தது எவ்வளவு என்பதும் தெரியாது. அந்தக் குற்ற உணர்வு இன்னும் எனக்கு உண்டு.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். ஐயம் இருப்பின் வனவிலங்கு இலாகாவைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். வடக்கே குளிர்காலம் தொடங்கும்பொழுது, வான்வழி ஒன்றின் ஊடாக நீர்ப்பறவைகள் நம் கரைகளுக்கும் வருகின்றன. நாமும் ஒரு வான்வழியின் மேல்தான் குடியிருக்கின்றோம்.

ஆகவே இம்மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்கர் சிறுவர்க்கு ஒரு நாளும் மூத்த வீரர்க்கு ஒரு நாளும் வைத்திருக்கின்றனர். நீங்கள் இருவரையும் ஒரே நாளில் கூட்டுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வு பெற்ற தாத்தா ஒருவரையும் பள்ளிப் பிள்ளைகள் நால்வரையும் குட்டைக் கரைக்கு அனுப்புங்கள். துப்பாக்கி வேண்டாம், உண்டிவில்லும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். முன்பு இங்கே என்னென்ன பறவைகள் இருந்தன என்று தாத்தா சொல்லட்டும். இன்று எத்தனை இருக்கின்றன என்று பிள்ளைகள் எண்ணி எழுதட்டும். அடுத்த முறை நான் வரும்பொழுது அந்த நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்டுங்கள்.